உம்ரா, அப்புறம் பினாங்கு: வயிறு கெடாமல் போய் வருவது எப்படி?

முத்துச்சிப்பி (கீழக்கரை)

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். உம்மா, வாப்பா, ஆறு வயது மகன், நான் என்று நாலு பேரும் மக்காவுக்கு உம்ரா பயணம் கிளம்புகிறோம். திரும்பி வந்து, பள்ளி விடுமுறையில் பினாங்கில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கும் போகிற எண்ணம்.

உம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. போன வருடம் எங்கள் தெருவிலிருந்து குழுவாகப் போனவர்களில் பாதிப் பேர் மதீனாவில் வாந்தி, பேதி என்று படுத்துவிட்டார்கள். காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று. தண்ணீர் என்கிறார் ஒருவர். ஒட்டகப் பால் என்கிறார் இன்னொருவர். 'அரபிச் சாப்பாடு நமக்கு ஒத்துக்காது' என்று முடித்துவிட்டார் மூன்றாமவர். உம்மா கண்டுபிடித்த வழி, எல்லாவற்றையும் இங்கிருந்தே கட்டிக்கொண்டு போவது. கறி மசாலா, இடியாப்ப மாவு, கருவாடு, தொதல் என்று பெட்டி இப்போதே மூட மாட்டேன் என்கிறது.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது, என்ன மருந்து எடுத்துப் போவது?

சோளகம் (ஏர்வாடி)

தங்கச்சி, வளைகுடாவில் தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் சமையல் பொறுப்பில் பல காலம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். அரபிச் சாப்பாட்டின் மேல் பழி போடாதீர்கள். குழுவாகப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் சாப்பாடு போடுவது நம் ஆட்கள்தான், நம் ஊர்ச் சாப்பாடுதான். கெடுப்பது நேரம்.

நூறு பேருக்குச் சோறு ஆக்குகிறார்கள் என்று வையுங்கள். காலை 9 மணிக்குச் சட்டி இறங்கும். 10 மணிக்குப் பொட்டலம் கட்டி மூடி அட்டைப்பெட்டியில் அடுக்குவார்கள். லுஹர் தொழுகை முடிந்து அறைக்கு வந்து பிரிக்கும்போது மணி 2. உள்ளே சோறு ஆறியும் ஆறாமலும் வெதுவெதுப்பாக அஞ்சு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது. அரிசியில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்று ஒரு கிருமி வித்து வடிவத்தில் ஒட்டியிருக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த வித்து சாகாது. வெதுவெதுப்பு கிடைத்ததும் முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு எப்படிப்பட்டது என்றால், மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. சட்டியில் இருந்தபோது சாப்பிட்ட சமையல்காரருக்கு ஒன்றும் ஆகாது, பொட்டலம் பிரித்தவருக்குத்தான் ஆகும். பாதிப் பேர் படுத்தார்கள், பாதிப் பேர் படுக்கவில்லை என்றால் இந்த மாதிரி ஏதோ ஒன்றுதான் இருக்கும்.

நாங்கள் மெஸ்ஸில் வைத்திருந்த கணக்கு இதுதான். சூடான பண்டம் 60 டிகிரிக்கு மேலே, குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதுவும் நிற்கக்கூடாது. உலக சுகாதார அமைப்பு சொல்வதும் இதுவே. உங்களிடம் தெர்மாமீட்டர் இருக்காது. பொட்டலத்தைப் பிரித்தால் ஆவி வரவேண்டும், அவ்வளவுதான். ஆவி வராத பிரியாணியைவிட ஒரு ரொட்டியும் வாழைப்பழமும் மேல்.

வாடைக்காத்து (பாம்பன்)

சோளகம் அண்ணன் சொன்னது சரி. ஆனால் ஆவி வந்தால் எல்லாம் சரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மீனுக்கு அது பொருந்தாது.

நான் மீன் கம்பெனியில் இருக்கிறேன். சூரை, குமுளா, சாளை மாதிரி மீன்களைப் பிடித்த உடனே ஐஸ் போடாமல் வெயிலில் கிடக்க விட்டால் அதன் சதையில் ஹிஸ்டமின் ஊறும். ஊறினது ஊறினதுதான். அப்புறம் ஐஸ் போட்டாலும், வறுத்தாலும், குழம்பு வைத்தாலும், டின்னில் அடைத்தாலும் போகாது. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம், கழுத்து சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும். சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு. பார்க்கிறவர்கள் 'மீன் அலர்ஜி' என்று எழுதிவிடுவார்கள். வாயில் வைக்கும்போதே மிளகு கடித்தமாதிரி சுரீர் என்றால் துப்பிவிடுங்கள், மசாலா காரம் என்று நினைக்காதீர்கள். அலர்ஜி மாத்திரைக்கு அடங்கும், ஆனால் மூச்சு இரைத்தால் ஆஸ்பத்திரிதான்.

கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ், இது நம் கடற்கரையில் யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வெளிநாட்டு ரெஸ்டாரெண்டில் போய் 'எந்தப் போட்டில் வந்தது, எப்போ ஐஸ் வைத்தார்கள்' என்று கேட்க முடியாது. அதனால் நான் வெளியூர் போனால் சூரை சாப்பிடமாட்டேன். ஊரிலேயே மடி வலையிலிருந்து எடுத்துத் தின்கிறவனுக்கு அங்கே என்ன ஆசை!

இன்னொன்று, பவளப்பாறை ஓரம் வளரும் பெரிய மீன். மொரிஷியஸ், ரியூனியன், பசிபிக் தீவுகள், கரீபியன் பக்கம் போகிறவர்கள் பெரிய களவா, பாரகுடா இரண்டையும் விட்டுவிடுங்கள். பாறையில் ஒட்டும் ஒருவகை நுண்பாசியில் நஞ்சு உண்டு. சின்ன மீன் அதைத் தின்ன, பெரிய மீன் சின்னதைத் தின்ன, மேலே போகப்போக நஞ்சு சேர்ந்துகொண்டே போகும். சிகுவாட்டெரா என்று பெயர். ருசியில், வாசனையில் ஒரு வித்தியாசமும் இருக்காது, சமைத்தாலும் போகாது. வந்தவர்களுக்கு ஐஸ் தண்ணீரைத் தொட்டால் சுடுகிறமாதிரி இருக்குமாம். அந்தத் தொந்தரவு வாரக்கணக்கில் நிற்கும்.

தொண்டிக்காரன்

நஞ்சுள்ள பேத்தை மீனை விட்டுவிட்டீர்களே மச்சான். மலேசியாவில் அதற்கு 'இக்கான் புந்தால்' என்று பெயர். தெரியாமல் வாங்கி வீட்டில் சமைத்து உயிர் போன செய்தி அங்கே அவ்வப்போது வரும்.

வாடைக்காத்து (பாம்பன்)

நம் ஊரில் வலையில் பேத்தை வந்தால் பொடியன்கூடத் தூக்கி வீசிவிடுவான். அதனால் எழுதத் தோன்றவில்லை. ஆனால் வெட்டித் தோல் உரித்துத் துண்டமாக விற்றால் நமக்கும் அடையாளம் தெரியாது. தலை இல்லாத மீன் துண்டத்தை அறியாத ஊர்ச் சந்தையில் வாங்கவேண்டாம்.

கல்லுவயிறு (சாயல்குடி)

எல்லாரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். நாமெல்லாம் ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். பஸ் ஸ்டாண்டு பரோட்டா, பழைய சால்னா, ரோட்டோர கரும்புச்சாறு எல்லாம் பார்த்த வயிறு. வெள்ளைக்காரன் இந்தியா வந்தால் பயப்படவேண்டும். நாம் எங்கே போனாலும் என்ன ஆகிவிடும்?

உப்பூர் நர்ஸ்

கல்லுவயிறு தம்பி சொல்வதில் பாதி உண்மை. சின்ன வயதிலிருந்து ஒரே ஊர்க் கிருமிகளோடு பழகியதால் அவற்றுக்கு ஓரளவு எதிர்ப்பு நமக்கு இருக்கும். பயணிகளுக்கு வரும் பேதியில் முக்கால்வாசி பாக்டீரியாவால் வருவது, அதிலும் 'ஈ. கோலை'யில் ஒரு வகைதான் அதிகம். ஆனால் அந்த ஈ. கோலையிலேயே பல ரகம். சாயல்குடியில் பழகியது பினாங்கில் உதவும் என்று உறுதி இல்லை. சோளகம் அண்ணன் சொன்னமாதிரி சோற்றில் ஏற்கெனவே ஊறிய நஞ்சுக்கு எந்த வயிறும் பழகாது. அந்த நஞ்சு கிருமி இல்லையே, பழகுவதற்கு!

இதில் தலைகீழ் சங்கதி ஒன்று உண்டு. துபாயிலும் சிங்கப்பூரிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் லீவுக்கு ஊருக்கு வந்ததும் படுப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'சொந்த ஊர்தானே' என்று தடுப்பூசி போடாமல், குழாய்த் தண்ணீர் குடித்து, பார்க்கிற வீட்டிலெல்லாம் சாப்பிடுகிறவர்களுக்கே டைஃபாய்டு அதிகம் வருகிறது என்று மேலை நாட்டு மருத்துவர்கள் தொடர்ந்து எழுதுகிறார்கள். பெருநாளைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்குக் காய்ச்சிய தண்ணீர் கொடுங்கள், அவர்களுக்கு நம் ஊர்தான் வெளிநாடு.

முத்துச்சிப்பி, தடுப்பூசி விஷயம் முதலில். உம்ரா விசாவுக்கு மெனிஞ்சைட்டிஸ் (மூளை உறைக் காய்ச்சல்) ஊசி கேட்பார்கள். அங்கே போய் இறங்குவதற்குப் பத்து நாள் முன்னாடியாவது போட்டிருக்கவேண்டும். அதே நேரத்தில் டைஃபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ (ஒரு வகை மஞ்சள் காமாலை) இரண்டுக்கும் உள்ள ஊசியையும் டாக்டரிடம் கேளுங்கள். டைஃபாய்டு ஊசி வேலை செய்ய இரண்டு வாரமாவது வேண்டும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். மகனுக்கு ஏற்கெனவே போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள்.

மண்டபம் டீச்சர்

ஒரு சின்ன கிளைக்கதை. ஊருணிப் பேச்சு வந்ததால் ஞாபகம் வந்தது. மண்டபம் கேம்ப் என்று ரயில்வே ஸ்டேஷனே இருக்கிறதே, அந்த கேம்ப் எதற்கு வந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டால் இலங்கை அகதிகள் முகாம் என்பார்கள். அதற்கு முந்தைய கதை வேறு. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளைக் கப்பல் ஏற்றுமுன் காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்க்க அங்கேதான் தடுத்து வைத்தார்கள். அப்புறம் தனுஷ்கோடி போய் தலைமன்னாருக்குக் கப்பல். 1964 புயலோடு தனுஷ்கோடியிலிருந்து போகும் அந்தக் கப்பல் நின்றுபோனது. வயிற்று நோயைப் பயணி சுமந்து போவான் என்பதற்காகவே எழுந்த இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இலங்கைக்குப் போகிறவர்களுக்கு என் பங்கு: கண் முன்னால் சீவித் தரும் செவ்விளநீரைவிட நம்பகமான பானம் அங்கே இல்லை. ஸ்ட்ரா வேண்டாம், அப்படியே குடியுங்கள்.

பினாங்கு மச்சி

பெரியபட்டினத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். முத்துச்சிப்பிக்கு இங்குள்ள நிலவரம் சொல்கிறேன்.

மலேசியா பயப்படவேண்டிய ஊர் இல்லை. உணவுக் கடையில் வேலை செய்கிறவர்கள் பயிற்சி எடுத்து, டைஃபாய்டு ஊசி போட்டிருக்கவேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. ஆனால் நாசி கந்தர் கடையில் ஒரு சிக்கல் உண்டு. அது நம் ஆட்கள் கொண்டுவந்து வளர்த்த சாப்பாடுதான், ருசிக்குக் குறையில்லை. காலையில் வைத்த குழம்புகள் தட்டு தட்டாக வரிசையில் இருக்கும். சில கடைகளில் கீழே சூடு இருக்கும், சில கடைகளில் இருக்காது. கூட்டம் உள்ள நேரத்தில் போனால் சட்டி காலியாகிப் புதுசு வந்துகொண்டே இருக்கும். மாலை நாலு மணிக்கு ஈ ஆடும் கடையில் கிடக்கும் கணவாய்க் குழம்பை நான் தொடமாட்டேன். அந்த நேரத்தில் கல்லில் போட்டுத் தரும் ரொட்டி சானாய், முட்டை ரொட்டி, கொதிக்கக் கொதிக்க ஆற்றித் தரும் தே தாரிக், வாணலியில் பிரட்டித் தரும் மீ கோரிங் என்று ஆர்டர் கொடுங்கள்.

ஐஸ்: நடுவில் ஓட்டை விழுந்த உருளை ஐஸ் ஃபாக்டரியிலிருந்து வருவது, நான் குடிக்கிறேன். பெரிய பாளத்தை உடைத்துத் தூவினால் வேண்டாம். ஐஸ் தூவித் தரும் சென்டோல் இனிப்பு மேல் மனசு போகும், சுத்தமான கடையாகப் பார்த்து வாங்குங்கள். குழாய்த் தண்ணீரை இங்கே வீடுகளில் காய்ச்சித்தான் குடிக்கிறோம். வெட்டி வைத்த பழம் வேண்டாம், மங்குஸ்தான், ரம்புத்தான் எல்லாம் தோலோடு வாங்கி நீங்களே உரியுங்கள்.

சிங்கப்பூர் பக்கம் எட்டிப் பார்ப்பதாக இருந்தால், அங்கே குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். அவ்வளவு சுத்தமான ஊரிலும் 2015-ல் பச்சை நன்னீர் மீன் போட்ட கஞ்சி சாப்பிட்டு ஏராளமானவர்களுக்கு இரத்தத்தில் கிருமி ஏறியது. குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. அந்த வருடக் கடைசியில் பச்சையாகப் பரிமாறும் உணவில் நன்னீர் மீன் சேர்ப்பதையே அரசு தடை செய்தது. ஊர் சுத்தம் என்பது வேறு, தட்டில் இருப்பது வெந்ததா என்பது வேறு.

முத்துச்சிப்பி (கீழக்கரை)

எல்லோருக்கும் நன்றி. உம்மாவிடம் படித்துக் காட்டினேன். 'சோறு ஆறினால் கெடும் என்று சொல்ல இத்தனை பேரா' என்கிறார்!

இன்னும் சில கேள்விகள். ஹரம் பள்ளிவாசலில் நோன்பு திறக்கத் தருகிற லபன் (மோர்), தயிர், பேரீச்சம்பழம் சரியா? ஒட்டகப் பால் உண்மையிலேயே ஆபத்தா, இல்லை கதையா? மகனுக்கு ஷவர்மா என்றால் உயிர், அதற்கு என்ன செய்வது? அப்புறம் உம்மாவின் கறி மசாலா, தெருவில் கேட்டவர்கள் எல்லாம் 'தாராளமாகக் கொண்டு போ' என்றுதான் சொல்கிறார்கள்.

சோளகம் (ஏர்வாடி)

மசாலாவுக்கு முதலில் பதில். அதில் கசகசா இருக்கிறதா? இருந்தால் வெளியே எடுங்கள். விளையாட்டில்லை. சவூதியிலும் அமீரகத்திலும் கசகசா போதைப்பொருள் கணக்கில் வரும், விமான நிலையத்தில் பிடித்தால் வழக்கு. நம் வீடுகளில் குருமாவுக்கும் பிரியாணிக்கும் அரைக்கிற மசாலாவில் கலந்துவிட்டுப் பெயர்கூட எழுதாமல் கட்டிக் கொடுப்பார்கள். தெருவில் யாராவது அங்கே உள்ளவருக்குக் கொடுக்கச் சொல்லிப் பொட்டலம் தந்தாலும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். சிங்கப்பூரிலும் இதே தொல்லைதான்.

மசாலாப் பொடியே அங்கே வேண்டியதில்லை. மக்காவிலும் மதீனாவிலும் நம் ஊர்ச் சாமான் எல்லாம் கிடைக்கும். தொதல் கொண்டு போங்கள். சர்க்கரையும் நெய்யும் அவ்வளவு இருப்பதால் சீக்கிரம் கெடாது. ஆனால் உம்மாவுக்குக் கொடுக்காதீர்கள்!

பேரீச்சம்பழம் கழுவிச் சாப்பிட்டால் போதும். லபன், தயிர் கம்பெனி மூடி போட்டு ஜில்லென்று தந்தால் வாங்குங்கள். அதை மிச்சம் வைத்துப் பைக்குள் போட்டு இரவு இஷா தொழுகைக்கு அப்புறம் குடிக்கிற பழக்கம்தான் தப்பு. ஜம்ஜம் குடிக்கலாம், குடிக்கிற டம்ளர் உங்களுடையதா என்று மட்டும் பாருங்கள்.

உப்பூர் நர்ஸ்

ஒட்டகப் பால் கதை இல்லை. காய்ச்சாத பாலில் புரூசெல்லா கிருமி வரும். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி என்று மாதக்கணக்கில் இழுக்கும். நுரையீரலைத் தாக்கும் மெர்ஸ் கிருமிக்கும் ஒட்டகம்தான் இருப்பிடம். 2012-ல் சவூதியில்தான் அதை முதலில் கண்டுபிடித்தார்கள். பயணிகளை, முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளை, ஒட்டகப் பண்ணைக்குப் போகவேண்டாம், பச்சைப் பால் குடிக்கவேண்டாம் என்றே உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. கடையில் பாட்டிலில் விற்கும் பாஸ்டரைஸ் செய்த ஒட்டகப் பால் பரவாயில்லை. சியாரத் (புனித இடங்களைப் பார்க்க) போகிற வழியில் பண்ணையில் நிறுத்திக் கறந்து தருவார்கள், அதுதான் வேண்டாம்.

ஷவர்மாவில் இரண்டு இடம். ஒன்று, கம்பியில் சுற்றும் கறி. வெளிப்பக்கம் வெந்திருக்கும், கூட்டம் அதிகமானால் உள்பக்கம் வேகுமுன் சீவித் தருவார்கள். இன்னொன்று மயோனைஸ். பச்சை முட்டையில் அடித்தது என்றால் சால்மோனெல்லா கிருமிக்கு வழி. 2022-ல் காசர்கோட்டுப் பக்கம் ஷவர்மா சாப்பிட்டு ஒரு மாணவி இறந்தது, 2023-ல் நாமக்கல்லில் ஒரு சிறுமி இறந்தது எல்லாம் நாம் படித்ததுதான். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைஸை ஒரு வருடத்துக்குத் தடை செய்தது. ரியாத்தில் 2024 ஏப்ரலில் மயோனைஸ் வழியாக போட்டுலிசம் என்ற, நரம்பைத் தாக்கும் உணவு நஞ்சு பரவிப் பலர் தீவிர சிகிச்சையில் கிடந்தார்கள். அது கம்பெனியில் செய்து அடைத்த மயோனைஸ். ஆகவே மகனுக்கு வாங்கினால் கறியைத் திரும்பக் கல்லில் வதக்கித் தரச் சொல்லுங்கள், மயோனைஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள். மயோனைஸ் இல்லாத ஷவர்மாவை அவன் ஒத்துக்கொள்வானா என்பது உங்கள் கவலை.

எட்டுமணி ஃபிளைட் (ராமநாதபுரம்)

நான் தொழில் விஷயமாக அடிக்கடி தாய்லாந்து, வியட்நாம் போகிறவன். இவ்வளவு யோசிக்கிறதே இல்லை. நார்ஃப்ளாக்சஸின்–டினிடசோல் சேர்ந்த மாத்திரை ஒரு அட்டை பையில் இருக்கும். வயிறு லேசாகக் கலக்கினால் ஒன்று போட்டுவிடுவேன், நின்றுவிடும். எல்லோரும் அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பூர் நர்ஸ்

தயவுசெய்து வேண்டாம். லேசான கலக்கல் நீங்கள் மாத்திரை போடாமலே ஒன்றிரண்டு நாளில் நின்றிருக்கும், பெயர் மாத்திரைக்குப் போகிறது. சாதாரணப் பயணப் பேதி மூன்றிலிருந்து ஐந்து நாளில் தானாக அடங்கும். வாந்தி அதிகமுள்ள நோய் பெரும்பாலும் வைரஸ் அல்லது ஊறிய நஞ்சு, இரண்டுக்கும் ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. நீங்கள் சொல்கிற அந்த வகை மருந்துக்குத் தென்கிழக்கு ஆசியாவிலும் நம் நாட்டிலும் பல கிருமிகள் ஏற்கெனவே அடங்குவதில்லை. உண்மையிலேயே டைஃபாய்டு என்றால் அரைகுறையாகப் போட்ட மாத்திரை பரிசோதனையையும் குழப்பிவிடும்.

முத்துச்சிப்பி, டாக்டர் உங்கள் உம்மாவைப் பார்த்து ஒரு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து, எப்போது போடவேண்டும் என்று சொன்னால் அது வேறு. அதை மட்டும் எடுத்துப் போங்கள். லோபரமைடு என்கிற பேதி நிறுத்தும் மாத்திரை நீண்ட பஸ் பயணத்துக்குப் பெரியவர்களுக்கு உதவும். காய்ச்சல் இருந்தாலோ, இரத்தம் போனாலோ போடக்கூடாது. மகனுக்குக் கொடுக்கவே கூடாது.

எட்டுமணி ஃபிளைட் (ராமநாதபுரம்)

எனக்கு ஒத்துப்போகிறது சிஸ்டர். நான் நிறுத்தப்போவதில்லை.

உப்பூர் நர்ஸ்

உங்கள் உடம்பு, உங்கள் இஷ்டம் அண்ணே. ஆறு வயதுப் பையன் போகிற பயணத்துக்குச் சிபாரிசு மட்டும் வேண்டாம்.

எல்லா மருந்துக்கும் மேலே ஓ.ஆர்.எஸ். பாக்கெட், அதாவது உடம்பில் வற்றிய நீரை ஈடுகட்டத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி. மெடிக்கலில் கேட்டு வாங்கும்போது உலக சுகாதார அமைப்பின் அளவுப்படி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். டப்பாவில் கிடைக்கும் இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ். இல்லை. அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு இனிப்புத் தண்ணீர் விற்றதை 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நிறுத்தச் சொன்னது. சர்க்கரை அதிகமானால் பேதி கூடும்.

பாக்கெட் இல்லாத இடத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டி. உப்பைக் கூட்டிவிடாதீர்கள். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா வந்தபோது, டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்த உப்பு-சர்க்கரை நீரை டிரம்மில் கரைத்துக் கொடுத்துச் சாவைப் பெருமளவு குறைத்தார். அதைவிடப் பெரிய சோதனை உங்கள் வீட்டில் வரப்போவதில்லை.

உம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் 'குளுக்கோஸ் இருக்கிறதே' என்று ஓ.ஆர்.எஸ். கொடுக்கத் தயங்குவார்கள். கொடுக்கலாம், அந்த அளவு குறைவு, அந்த நேரத்தில் நீர் வற்றுவதுதான் பெரிய ஆபத்து. ஆனால் சர்க்கரை அளவைக் கூடுதலாகப் பாருங்கள். வாந்தி பேதி நேரத்தில் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எதை நிறுத்தவேண்டும், எதைத் தொடரவேண்டும் என்று கிளம்புவதற்கு முன்னாலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். அங்கே போய் வாட்ஸாப்பில் கேட்காதீர்கள்.

கல்லுவயிறு (சாயல்குடி)

சிஸ்டர், கையில் தேய்க்கிற ஜெல் போதுமா? மக்காவில் எல்லோர் கையிலும் ஒரு பாட்டில் இருக்கிறதே.

உப்பூர் நர்ஸ்

இல்லாததற்கு நல்லது. ஆனால் கப்பலிலும் ஹோட்டலிலும் கும்பலாக வரும் நோரோ வைரஸுக்கு ஜெல் அவ்வளவாகக் கேட்காது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வேண்டும். பஃபேயில் எல்லோரும் தொட்ட கரண்டியைப் பிடித்துவிட்டு அதே கையால் பரோட்டா பிய்ப்பதுதான் நடக்கிறது. தட்டை நிரப்பிவிட்டுப் போய்க் கை கழுவிவிட்டு உட்காருங்கள்.

மண்டபம் டீச்சர்

திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால்? எங்கள் பக்கத்து வீட்டில் ஒருவர் சிங்கப்பூர் போய் வந்து மூன்று வாரம் கழித்துப் படுத்தார். டெங்கு என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உப்பூர் நர்ஸ்

நல்ல கேள்வி டீச்சர். டைஃபாய்டு ஒரு வாரத்திலிருந்து நாலு வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டும். ஹெபடைட்டிஸ் ஏ இரண்டிலிருந்து ஏழு வாரம்கூட ஆகும், கண் மஞ்சளான பிறகுதான் தெரியும். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வரியாக 'இந்த நாட்டுக்குப் போய் வந்தேன், இந்தத் தேதியில் திரும்பினேன்' என்று சொல்லவேண்டும். சவூதி போய் வந்து காய்ச்சல், இருமல் என்றால் இரண்டு வாரத்துக்குள் கட்டாயம் சொல்லவேண்டும், மெர்ஸுக்காக.

பினாங்கு மச்சி

முத்துச்சிப்பி, தங்கச்சி வீட்டில் அடுப்பு இருக்கும்தானே? உம்மாவுக்கு ஒரு வேளைக் கஞ்சி வீட்டிலேயே வைத்துவிட்டு, மற்ற வேளை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். இங்கே வந்து வெளியே சாப்பிடாமல் திரும்புவது பாவம்! கருவாட்டை மட்டும் விட்டு வாருங்கள். சுங்கத்தில் என்ன சொல்வார்கள் என்பது இருக்கட்டும், பெட்டித் துணியெல்லாம் நாறும். இங்கே 'இக்கான் பிலிஸ்' என்று நெத்திலிக் கருவாடு சந்தையில் குவிந்து கிடக்கிறது.

வாடைக்காத்து (பாம்பன்)

எங்கள் நெத்திலி மாதிரி வருமா லாத்தா?

பினாங்கு மச்சி

வராதுதான். அதைத் தனி இழையில் பேசுவோம்.

முத்துச்சிப்பி (கீழக்கரை)

கசகசா போட்ட மசாலா பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது. உம்மாவுக்குக் கோபம். கருவாடும் வெளியே வந்தது, அதற்கு இன்னும் கோபம். மெனிஞ்சைட்டிஸ், டைஃபாய்டு இரண்டு ஊசிக்கும் இந்த வாரமே ராமநாதபுரம் போகிறோம். குழு ஏற்பாட்டாளருக்கு போன் போட்டு மதியச் சாப்பாடு எத்தனை மணிக்குச் சமைக்கிறார்கள், எத்தனை மணிக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். 'யாரும் இப்படிக் கேட்டதில்லையே' என்றார். பொட்டலம் வேண்டாம், பந்தியாகப் போடுங்கள், இல்லாவிட்டால் எங்கள் நாலு பேருக்கும் சாப்பாட்டுக் காசைக் கழித்துக்கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, நர்ஸ் அக்கா. மகன் வாந்தி எடுக்கிற நேரத்தில் ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் அதையும் கக்கிவிடுவான். அப்போது என்ன செய்வது? எப்போது ஆஸ்பத்திரி போகவேண்டும்?

உப்பூர் நர்ஸ்

வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். அப்புறம் டம்ளரில் கொடுக்காமல் ஸ்பூனால், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். பாதி வெளியே வந்தாலும் பாதி உள்ளே நிற்கும், நிறுத்தாதீர்கள். வாந்தி நின்றபின் ஒவ்வொரு பேதிக்கும் 100லிருந்து 200 மில்லி. பசித்தால் சாப்பாடு கொடுங்கள், பட்டினி போடவேண்டாம். இட்லி, கஞ்சி, வாழைப்பழம், தயிர்ச்சோறு எதுவானாலும் சரி. ஜிங்க் மாத்திரை 20 மில்லிகிராம் தினம் ஒன்று, 10லிருந்து 14 நாள். அதை இங்கேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மலத்தில் இரத்தம், 39 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழிந்து சோர்ந்து தூங்கிக்கொண்டே இருக்கிறான், எதைக் கொடுத்தாலும் நிற்கவில்லை, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கவேண்டாம். உம்மாவுக்கு இதைவிட சீக்கிரமே போகவேண்டும், ஒரு நாள் முழுக்கப் பார்க்காதீர்கள். கண் இரண்டாகத் தெரிவது, நாக்கு குழறுவது, இமை தொங்குவது வந்தால் அது போட்டுலிசமாக இருக்கலாம், அந்த நிமிடமே ஆம்புலன்ஸ்.

சவூதியில் சுகாதார அமைச்சகத்தின் உதவி எண் 937, ஆம்புலன்ஸ் 997. மலேசியாவில் 999. இந்த எண்களை உங்கள் போனில் மட்டும் இல்லாமல் வாப்பாவின் சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதத்திலும் எழுதி வையுங்கள். கூட்டத்தில் போன் சார்ஜ் இருக்காது.